இரண்டு வாட் இருட்டு

எம்ஜிபி என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் 1962இல் அறிமுகமானது. இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில் 1980 வரை அதைச் செய்தார்கள். கூரை போட்ட ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல். அவற்றில் கணிசமான வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பகலில் ஓட்டுகிறவர்கள் அதன் ஸ்டியரிங்கையும் எக்ஸாஸ்ட் சத்தத்தையும் புகழ்வார்கள். இரவில் ஓட்டுகிறவர்கள் டேஷ்போர்டைத் திட்டுவார்கள். ஹெட்லைட் எரிகிறது, சாலை தெரிகிறது. ஸ்பீடாமீட்டரின் முள் 50இல் நிற்கிறதா 70இல் நிற்கிறதா என்று மட்டும் சொல்ல முடியாது. டயலின் ஓரத்தில் ஒரு பச்சைச் சாயல். நடுவில் ஒன்றுமில்லை.

பிரிட்டிஷ் கார் பிரியர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. அந்தக் கார்களுக்கு மின்சாதனங்கள் செய்து கொடுத்த பர்மிங்ஹாம் ஜோசப் லூகாஸ் நிறுவனத்துக்கு அவர்கள் வைத்த பட்டம் ‘இருளின் இளவரசர்’. அவருடைய சுவிட்சுக்கு மூன்று நிலைகளாம்: அணைவு, மங்கல், மினுக்கல். (நமக்கும் தெரிந்த பெயர்தான். சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ், 1961இல் அந்த லூகாஸோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கியது.) கேலி ரசிக்கும்படி இருக்கிறது. ஆனால் ஐம்பது வருடத் துருவையும் தூசியையும் செய்தவன் தலையில் கட்டுவது அநியாயம்.

இந்தப் புலம்பலுக்கு இன்று எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் மருந்து எல்.இ.டி. பழைய பல்பைக் கழற்று, புதியதைத் திருகு, வேலை முடிந்தது என்பார்கள். பெரும்பாலும் முடிவதில்லை. சிலருக்கு ஒரு மூலை பளீரென்று கண்ணைக் குத்தும், மற்ற இடம் முன்னைவிட இருட்டாக இருக்கும். சிலருக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் குமிழ் வேலை செய்யாமல் போகும். சிலருக்கு வழியில் பேட்டரியே இறங்கிவிடும். வெளிச்சம் என்பது பல்போடு முடிகிற விஷயம் இல்லை. பேட்டரியில் கிளம்பி ஓட்டுகிறவரின் விழித்திரையில் முடிகிற ஒரு நீளமான பாதை அது. பல்பு அதில் ஒரு நிறுத்தம் மட்டுமே. எனவே பாதையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு போவோம். எல்.இ.டி. கடைசியில் வரட்டும்.

டயலுக்குப் பின்னால் இருப்பது லூகாஸ் 987 என்ற எண்ணுள்ள குட்டி பல்பு. 12 வோல்ட், 2.2 வாட். திருகிப் போடும் அடி, 10 மில்லிமீட்டர் விட்டம். நம்மூர்ப் பழைய டார்ச் லைட்டில் திருகுகிற பல்பின் அடியும் அதே அளவுதான். வோல்ட்டேஜ் மட்டும் வேறு. இந்த 2.2 வாட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வருவது நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை. டங்ஸ்டன் இழை ஏறத்தாழ 2,500 கெல்வின் சூட்டில் எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு பொருள் வெளிவிடும் கதிர்வீச்சின் உச்சம் 1,160 நானோமீட்டர் அலைநீளத்தில் விழுகிறது. நம் கண்ணின் எல்லை 700 நானோமீட்டரோடு சரி. ஆக, பல்பின் உழைப்பில் பெரும்பகுதி அகச்சிவப்பாக, வெறும் சூடாகப் போகிறது. நாம் பார்க்கும் வெளிச்சம் அந்தக் கதிர்வீச்சு மலையின் ஒரு ஓரச் சரிவு.

ஓரச் சரிவில் இருப்பதால் அதற்கு ஒரு பலவீனம். இழையின் சூடு கொஞ்சம் குறைந்தால் மலை முழுவதும் அகச்சிவப்புப் பக்கமாக நகர்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஓரம் மட்டும் மிக வேகமாகத் தேய்கிறது. பல்பு செய்கிறவர்கள் நெடுங்காலமாக நம்பும் ஒரு அனுபவ விதி இருக்கிறது: வெளிச்சம், வோல்ட்டேஜின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் குறையும். இருபது சதவீதம் குறைந்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

இப்போது மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பழுப்பு வயரில் லைட் சுவிட்சுக்கு. அங்கிருந்து ஃபியூஸ் பெட்டி. பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட். அதிலிருந்து வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு வயரில் ஒவ்வொரு பல்புக்கும். பல்பிலிருந்து ஹோல்டரின் தகடு வழியாக மானியின் உலோகக் கூட்டுக்கு. கூட்டிலிருந்து கறுப்பு எர்த் வயர், பிறகு வண்டியின் உடல், கடைசியில் மறுபடி பேட்டரி. வழியெல்லாம் பித்தளை முனைகள், ஸ்பிரிங்குகள், அழுத்திப் பிடிக்கும் தகடுகள். ஒவ்வொரு இணைப்பிலும் அரை நூற்றாண்டு ஆக்சைடு. ஐந்து இணைப்புகளில் தலா 0.3 வோல்ட் தொலைந்தால் மொத்தம் 1.5 வோல்ட். 12இல் 10.5தான் பல்புக்குக் கிடைக்கிறது. மேலே சொன்ன விதிப்படி வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போதே காலி. பல்பு மாற்றியும் பயனில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் தொலைத்திருப்பது இதைத்தான்.

மோசமான குற்றவாளி எர்த். டேஷ்போர்டுக்குப் பின்னால் கறுப்பு வயர் ஒரு மானியிலிருந்து அடுத்த மானிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகப் போகிறது. ஒரே தெருக்குழாயில் கடைசி வீட்டுக்காரருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருவதுபோல, தொடரின் கடைசி மானிக்கு மிச்சம் மீதிதான். எரிபொருள் மானி மட்டும் மற்றவற்றைவிட மங்கலாக இருந்தால் அதன் பல்பைச் சந்தேகிக்கும் முன் அது தொடரில் எத்தனையாவது என்று பார்க்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். அளக்கும் விதம்தான் முக்கியம். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் வோல்ட்டேஜ் பார்த்தால் 12 காட்டும். மின்சாரம் ஓடாதபோது எந்தத் துருவும் தன் முகத்தைக் காட்டாது. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் இன்னொன்றை ஹோல்டரின் உலோக உடம்பிலும் வைக்க வேண்டும். அங்கே பூச்சியம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தால் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஒவ்வொரு இணைப்பையும் தாண்டி இதேபோல் அளந்துகொண்டே போகலாம். அளந்து முடித்ததும் சுத்தம் செய்யக் கையை உள்ளே விடும் முன் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பழுப்பு வயருக்கு ஃபியூஸ் கிடையாது. ஸ்பேனர் பட்டால் வயர் பழுத்துவிடும்.

ஹோல்டரை மானியின் பின்புறத் துளையிலிருந்து நேராக இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டில் இருக்கும் தகட்டு நாக்குகளை மெல்லிய எமரித் தாளால் இரண்டு தேய், துளையின் விளிம்பில் இரண்டு தேய். நாக்குகள் தளர்ந்திருந்தால் லேசாக வெளியே வளைத்துவிட வேண்டும். பல்பையும் பார்த்துக்கொள்ளலாம். பழைய பல்பின் கண்ணாடிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருந்தால், அது இழையிலிருந்து ஆவியாகி ஒட்டிக்கொண்ட டங்ஸ்டன். எரிகிறது என்பதற்காக அதை வைத்துக்கொள்ளக் கூடாது. அதே 987ஐப் புதிதாக வாங்கிப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

சிலர் 2.2க்குப் பதில் 4 அல்லது 5 வாட் பல்பு போடுவார்கள். வெளிச்சம் கூடும்தான். சூடும் அதே அளவு கூடும், அது மூடிய ஒரு தகர டப்பாவுக்குள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் நெளிந்துபோன மானிகள் பழைய சாமான் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. இந்தக் குறுக்குவழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மின்சாரம் ஒழுங்காக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி ஒளி.

பல்பு டயலுக்கு நேர் பின்னால் இருக்கிறது. டயல் ஒரு கறுப்புத் தகடு, ஒளி ஊடுருவாது. அப்படியானால் எண்கள் எப்படித் தெரிகின்றன? பல்பிலிருந்து எல்லாத் திசையிலும் கிளம்பும் ஒளி, கூட்டின் உட்சுவரில் மோதிச் சிதறி, மறுபடி மோதி, டயலின் ஓரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாக முன்பக்கம் கசிந்து வந்து எண்களின் மேல் சாய்வாக விழுகிறது. இன்றைய கார்களில் எண்களே பின்னாலிருந்து ஒளிர்கின்றன. அன்று எண்கள் வெறும் வெள்ளை பெயின்ட். கசிந்து வந்த வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தன. டயலின் ஓரம் பளிச்சென்றும் நடு இருட்டாகவும் இருப்பது இதனால்தான். அது பழுது இல்லை, அமைப்பு.

இந்த அமைப்பில் உயிர்நாடி உட்சுவரின் வெள்ளைப் பூச்சு. அதன் கணக்கு கொஞ்சம் ஆச்சரியமானது. புதுப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 90 சதவீதத்தைத் திருப்பிவிடும் என்று கொள்வோம். ஒரு மோதலுக்குப் பிறகு 0.9, இரண்டாவதில் 0.81, மூன்றாவதில் 0.73... எல்லாவற்றையும் முதல் ஒன்றோடு கூட்டினால் 10 வரும். அதாவது, மூடிய ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் ஒளி பத்து மடங்கு பெருகி நிற்கிறது. பூச்சு மஞ்சளேறி, அழுக்குப் படிந்து, 70 சதவீதம்தான் திருப்புகிறது என்றால்? 1, 0.7, 0.49, 0.34... கூட்டினால் 3.3. பூச்சு இழந்தது 20 புள்ளி. வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நிஜ மானிக்குள் கறுப்பு உறுப்புகளும், ஒளி தப்பிக்கும் துளைகளும் இருப்பதால் வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனாலும் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் செய்கிற வேலையைப் பல விலையுயர்ந்த பல்புகள் செய்யாது. ஒளி அளக்கும் ஆய்வுக்கூடங்களில் உட்புறம் வெள்ளை பூசிய கோளத்தைப் பயன்படுத்துவதும் இதே கணக்கை நம்பித்தான்.

பூச வேண்டுமென்றால் மானியைத் திறக்க வேண்டும். இந்தக் கார்களில் இருக்கும் ஸ்மித்ஸ் நிறுவனத்து மானியின் முன்பக்க வளையம் திருகு இல்லாமல் பிடித்திருக்கும். வளையத்தின் உள்ளே மடித்துவிட்ட சிறு நாக்குகள், கூட்டின் விளிம்பில் வெட்டிவிட்ட பள்ளங்கள். வளையத்தை மெல்லச் சுழற்றி நாக்கையும் பள்ளத்தையும் நேர்ப்படுத்தினால் கையோடு வந்துவிடும். வர மறுத்தால் ரப்பர் வளையம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருக்கலாம், நெம்பக் கூடாது. உள்ளே போனபின் முள்ளைத் தொடாமலிருப்பது உத்தமம். அதன் தண்டில் தலைமுடி அளவு மெல்லிய சுருள்வில் ஒன்று இருக்கிறது. அது கோணினால் ஸ்பீடாமீட்டர் வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லும்.

அந்தக் கால ஸ்மித்ஸ் மானிகள் பலவற்றுக்குள் இன்னொரு பொருளும் இருக்கும். பல்பின் ஒளி டயல் பக்கம் போகும் வழியில் பச்சை அல்லது நீலப்பச்சை நிறத்தில் சிறு ஒளிபுகும் தகடு. இழை பல்பின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் அதிகம், பச்சை குறைவு, நீலம் மிகக் குறைவு. பச்சைத் தகடு எது அதிகமோ அதைத் தடுத்துவிட்டுக் குறைவானதை மட்டும் விடுகிறது. ஏற்கெனவே ஏழையான பல்புக்கு இது கூடுதல் வரி. அதை எடுத்து எறிந்துவிட்டால் டயல் உடனே வெளுத்த மஞ்சளில் பளிச்சென்று ஆகும் என்பது உண்மைதான். பிறகு ஏன் வைத்தார்கள்? அதற்குப் பாதையின் மறுமுனைக்குப் போக வேண்டும்.

மனிதக் கண்ணில் இரண்டு வகை ஒளி உணரிகள். பகலுக்குக் கூம்புகள், இருட்டுக்குக் கோல்கள். கூம்புகள் நிறம் காட்டும், நுணுக்கம் காட்டும்; அவற்றுக்கு மிகவும் பிடித்த அலைநீளம் 555 நானோமீட்டர், மஞ்சள் கலந்த பச்சை. கோல்கள் நிறம் அறியாதவை, ஆனால் மிக மங்கலான ஒளியையும் பிடிக்கும். அவற்றின் உச்சம் 507, நீலம் கலந்த பச்சை. இருட்டில் கோல்கள் முழுத் திறனுக்கு வர அரை மணி நேரம் ஆகும். ஒரு பளீர் வெளிச்சம் அதைக் கணத்தில் கெடுத்துவிடும். அந்தி நேரத்தில் சிவப்புப் பூக்கள் கறுத்தும் நீலப் பூக்கள் வெளுத்தும் தெரிவதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே கவனித்து எழுதினார். கூம்புகளிடமிருந்து கோல்களுக்குப் பொறுப்பு கைமாறும் நேரம் அது. எனவே குறைந்த ஒளியில் கண் அதிகம் பயன்படுத்திக்கொள்ளும் நிறம் பச்சைதான். பச்சைத் தகடு வைத்தது பைத்தியக்காரத்தனம் இல்லை.

இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்றும் உண்டு. கோல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியவே தெரியாது. எனவே சிவப்பு வெளிச்சத்தில் கூம்புகளால் படிக்கலாம். கோல்கள் தூக்கம் கலையாமல் இருட்டுக்குத் தயாராக இருக்கும். 1916இல் ஜெர்மன் உடலியலாளர் வில்ஹெல்ம் டிரெண்டலன்பர்க், இருட்டறையில் எக்ஸ்ரே திரை பார்க்கும் மருத்துவர்களுக்குச் சிவப்புக் கண்ணாடி அணிவித்தது இந்தத் தர்க்கத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் விமானங்களும் நீர்மூழ்கிகளும் சிவப்பு விளக்குக்குப் போயின. பிஎம்டபிள்யூ தன் கார்களின் டேஷ்போர்டைப் பல்லாண்டு ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒளிரவைத்ததும் இந்த மரபில்தான்.

கார் ஓட்டுகிறவருக்கு எது சரி? என் அபிப்பிராயத்தில் இந்தச் சண்டையே கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்டது. போர் விமானி நட்சத்திர வெளிச்சத்தில் எதிரியைத் தேடுகிறார். கார்க்காரருக்கு முன்னால் ஹெட்லைட் எரிகிறது, எதிரே வருகிறவனின் ஹெட்லைட் முகத்தில் அடிக்கிறது. அவருடைய கண் கூம்பும் கோலும் சேர்ந்து வேலை செய்யும் நடுநிலையில் இருக்கிறது. நிறத்தைவிட அளவுதான் அங்கே முக்கியம். டயல் சாலையைவிடப் பிரகாசமாக இருந்தால், பார்வையை மறுபடி சாலைக்குத் திருப்பும்போது ஒரு கணம் குருடு. போதாததற்கு டயலின் பிம்பம் வைண்ட் ஸ்கிரீனிலும் விழும்.

ஆனால் ஒரு நிறத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நீலம் வேண்டாம். பழைய காரில் நீல எல்.இ.டி. போட்டு டேஷ்போர்டை மீன்தொட்டி ஆக்கும் மோகம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. கண்ணின் லென்ஸ் நீல ஒளியை மற்ற நிறங்களைவிட அதிகமாக வளைப்பதால் அது விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. முள்ளின் ஓரம் கலங்கித் தெரியும். நீலத்துக்கான கூம்புகள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நாம் எழுத்துப் படிக்கும் பார்வையின் நட்டநடுப் புள்ளியில் அவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பளபளக்கும், படிக்க முடியாது.

இன்னொரு விஷயத்தை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். வயதோடு கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளேறுகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு, 20 வயதில் போனதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகிறது என்பது கண் ஆராய்ச்சியில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1970இல் இருபதுகளில் எம்ஜிபி வாங்கி, இன்றும் அதை விடாமல் வைத்திருப்பவருக்கு டேஷ்போர்டு மங்கிவிட்டது என்றால், காரும் மங்கியிருக்கிறது, அவரும் மங்கியிருக்கிறார். அதோடு வெள்ளெழுத்து வேறு. முக்கால் மீட்டர் தொலைவுக்கென்று செய்த ஒரு கண்ணாடி சில வேளைகளில் பல்பைவிட நல்ல முதலீடு.

இத்தனைக்கும் பிறகும் வெளிச்சம் போதவில்லை என்றால், எல்.இ.டி.

எம்ஜிபி அறிமுகமான அதே 1962இல்தான் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். பிரகாசமான நீலம் வர 1993 ஆயிற்று. அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வெள்ளை எல்.இ.டி. என்பது உள்ளுக்குள் அந்த நீலம்தான். அதன்மேல் பூசிய மஞ்சள் ஒளிரும் பொடி நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகத் திருப்பிக் கொடுக்கிறது, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. ஆகவே அந்த வெள்ளையில் நீலமும் மஞ்சளும் தாராளம், ஆழ்ந்த சிவப்பு தரித்திரம்.

இது டேஷ்போர்டில் உடனே தெரியும். சிவப்புக் கண்ணாடி போட்ட எச்சரிக்கை விளக்குக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வைத்தால் நிறம் வெளுத்துப்போகும். அங்கே சிவப்பு எல்.இ.டி. வைக்க வேண்டும். ஹெட்லைட் ஹை பீமுக்கான நீல விளக்கோ எதிர்மாறாகக் கண்ணைப் பறிக்கும். இழை பல்பில் நீலம் குறைவு என்று தெரிந்துதான் அந்தக் கண்ணாடியை அமைத்தார்கள். அங்கே பழைய பல்பே இருக்கட்டும். பச்சைத் தகட்டுக்குப் பின்னால் பச்சை எல்.இ.டி. வைத்தால் ஏறக்குறைய முழு ஒளியும் தடையில்லாமல் போகும், அந்தக் காலத்து நிறமும் கெடாது. ஒரு விதிவிலக்கு: முள் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறமாக இருந்தால், சுத்தப் பச்சை ஒளியில் அது கறுப்பாகிவிடும். கறுப்பு டயலில் கறுப்பு முள். அப்படிப்பட்ட மானிக்கு மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளைதான் சரி.

அடுத்தது திசை. இழை எல்லாப் பக்கமும் எரியும். எல்.இ.டி. சில்லு தட்டையானது, தனக்கு முன்னால்தான் வீசும். முனையில் ஒரே சில்லு வைத்த மாற்று பல்பை ஹோல்டரில் திருகினால் அதன் ஒளி முழுவதும் நேரே டயலின் முதுகில் போய் மோதும். பக்கச் சுவருக்கு, அதாவது ஒளி உண்மையில் போக வேண்டிய இடத்துக்கு, மிச்சம்தான் போகும். ஒரு மூலை எரிந்து மற்றது இருளும் வினோதத்துக்குக் காரணம் இது. சுற்றிலும் பக்கவாட்டில் சில்லுகள் வைத்த வகையை, அல்லது தலையில் கூம்பாகக் குழிந்து ஒளியைப் பக்கவாட்டில் தள்ளும் வகையைத் தேடி வாங்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் லூமன் எண்ணைப் பார்த்து வாங்குவது வீண்.

துருவம் இன்னொரு சிக்கல். 1967 வரை வந்த எம்ஜிபிக்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்தது. இழைக்கு எப்பக்கம் ஓடினாலும் கவலையில்லை. எல்.இ.டி. ஒருவழிப் பாதை. இன்றைய கார்களுக்கென்று செய்த மாற்று பல்பு அந்த வண்டியில் எரியவே எரியாது. எந்தப் பக்கம் மின்சாரம் வந்தாலும் நேராக்கிக் கொடுக்கும் நான்கு டயோடுகளை உள்ளே வைத்த வகை கிடைக்கிறது. அதை வாங்கினால் தலைவலி இல்லை.

பிறகு அந்தக் குமிழ். ரியோஸ்டாட் வெறும் கம்பிச் சுருள். மின்சாரம் ஓடினால்தான் அது வோல்ட்டேஜை விழுங்கும். சுருளில் 10 ஓம் தடையை வைத்திருக்கிறோம், நான்கு பல்புகள் எரிகின்றன என்று கொள்வோம். பழைய பல்புகள் நான்கும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுக்கும். சுருளில் ஐந்து வோல்ட்டுக்கு மேல் போகும். வெளிச்சம் ஏழில் ஒரு பங்காக இறங்கும். அதே குமிழ், அதே நிலை, ஆனால் ஒவ்வொன்றும் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் எல்.இ.டி. பல்புகள் என்றால், மொத்தமே 80. சுருளில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் போகும். 20 மில்லி ஆம்பியர் 16 ஆகும். கண் வெளிச்சத்தை விகிதத்தில் உணர்வதால் இந்த ஐந்தில் ஒரு பங்கு குறைவு தெரியவே தெரியாது. குமிழைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கும். வோல்ட்டேஜை வேறு வழியில் இறக்கினாலும் சுகமில்லை. மூன்று வெள்ளைச் சில்லுகளைத் தொடராகக் கோத்த பல்புக்கு 9 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே ஒரேயடியாக அணைந்துவிடும்.

சரியான வழி, வோல்ட்டேஜைத் தொடாமல் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவை விட்டு விட்டுக் கொடுப்பது. எரியும் நேரத்தைக் குறைத்தால் வெளிச்சம் குறையும், நிறம் மாறாது. இதற்கான சிறு சர்க்யூட் மலிவாகக் கிடைக்கிறது. வேகம் நொடிக்கு நூறு தடவைக்குப் பக்கத்தில் இருந்தால், சாலையிலிருந்து டயலுக்குக் கண் தாவும் கணத்தில் முள் புள்ளிப் புள்ளியாகச் சிதறித் தெரியும். எனவே நொடிக்கு ஆயிரத்துக்கு மேல் இருப்பதை வாங்குவது நல்லது. மட்டமான சர்க்யூட், பழைய ஏஎம் ரேடியோவில் ரீங்காரமாகவும் கேட்கும். பொருத்தி முடித்ததும் அளவு வைக்கும் இடம் வீட்டுக் கராஜ் அல்ல. தெருவிளக்கு இல்லாத சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டி, கண் பழகிய பிறகு, எண்கள் படிக்க முடிகிற மிகக் குறைந்த நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பேட்டரி இறங்கிய கதை. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு இக்னிஷன் விளக்கைப் பலரும் வெறும் எச்சரிக்கை என்று நினைக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் பொருத்திய பிற்கால எம்ஜிபிக்களில் அது ஒரு வேலையாள். சாவியைத் திருப்பியதும் மின்சாரம் அந்த பல்பு வழியாக, மஞ்சள் கோடு போட்ட பழுப்பு வயரில் ஓடி, ஆல்டர்னேட்டரின் சுழலும் சுருளுக்குப் போகிறது. அந்த 180 மில்லி ஆம்பியர்தான் சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் இருந்தால்தான் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கத் தொடங்கும். தொடங்கியதும் பல்பின் இரண்டு பக்கமும் வோல்ட்டேஜ் சமமாகிவிடுவதால் விளக்கு தானாக அணைகிறது. அங்கே எல்.இ.டி. போட்டால் 20 மில்லி ஆம்பியர்தான் போகும். காந்தம் எழும்பாது. இன்ஜினை உறுமவிட்டால் ஒருவேளை பிடித்துக்கொள்ளும். நிதானமாக ஊருக்குள் ஓட்டினால் பேட்டரி சார்ஜ் ஆகாமலே போய்க்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கும் அணையாது.

எனவே அந்த ஒரு இடத்தில் மட்டும் 2.2 வாட் இழை பல்பை அப்படியே விட்டுவிட வேண்டும். எல்.இ.டி.தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் அதற்கு இணையாக 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டலாம். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய அதே மின்சாரத்தை விடும். விளக்கு எரியும் நேரமெல்லாம் அதில் 2 வாட் சூடு கிளம்பும். அதனால் 5 வாட் தாங்கும் ரெசிஸ்டராக வாங்கி, வயர்க் கட்டையும் பிளாஸ்டிக்கையும் தொடாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.